நார்த்தூளில் நட்ட நாலு செடி

மண்ணா நார்த்தூளா என்று என் புருஷனும் என் தம்பியும் ஆரம்பித்தால் நான் எழுந்து பாத்திரம் துலக்கப் போய்விடுவேன். கஞ்சா வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. எங்கள் ஊரில் இப்போது மீன் பிடிப்பவர்களைவிட இவர்கள்தான் அதிகம். தபால் ஆபீஸ் வரிசையில் நின்றால் முன்னால் இருப்பவர் இலை மஞ்சளாகிவிட்டது என்று புலம்புவார், பின்னால் இருப்பவர் மண்புழு உரத்தின் பெருமையைப் பேசுவார். இங்கே சட்டமே வீட்டுக்கு நாலு செடி வளர்க்கலாம் என்கிறது. ஆளுக்கு நாலு இல்லை, வீட்டுக்கு நாலு. அந்த நாலு செடிக்கு இவர்கள் படுகிற பாட்டில் நாலு பிள்ளைகளை ஆளாக்கியிருக்கலாம்.

என் தம்பி ஹெட்லி நார்த்தூள் கட்சி. தேங்காய் நாரைத் தூளாக்கிச் செங்கல் மாதிரி அழுத்தி விற்கிறார்கள். தண்ணீரில் போட்டால் ஊறிப் பெருகும். அதில் சத்து என்று ஒன்றுமே கிடையாது. தினமும் தண்ணீரில் உரம் கலந்து நாம்தான் ஊட்ட வேண்டும். ஊட்டினால் செடி கிடுகிடுவென்று வளரும். ஒரு நாள் மறந்தால் முகம் தொங்கும், இரண்டு மூன்று நாள் மறந்தால் உப்பு ஏறி வேர் கருகிவிடும். என் புருஷன் லியாண்டர் மண் கட்சி. மண்ணில் சாப்பாடு உள்ளேயே இருக்கிறது. ஒரு தடவை நன்றாக நனைத்துவிட்டால் நாலைந்து நாள் பேசாமல் இருக்கும். பையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். லேசாக இருந்தால் ஊற்றலாம், கனமாக இருந்தால் விட்டுவிடலாம்.

அவன் மண் கட்சியில் இருந்ததற்குக் கொள்கை காரணம் இல்லை. அவன் வீட்டிலேயே இல்லை, அதுதான் காரணம். மேற்கே ஆல்பர்ட்டாவில் எண்ணெய் தோண்டுகிற இடத்தில் பெரிய லாரிகளுக்கு மெக்கானிக். மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. எங்கள் நியூஃபவுண்ட்லாந்தில் பாதி ஆண்கள் இப்படித்தான். இருபது வருஷம் அப்படியே ஓடிவிட்டது. அந்த மூன்று வாரமும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. வேலைக்காரர்கள் தங்குகிற கேம்ப்பிலிருந்து ஃபோனில் கூப்பிடுவான்.

"பையத் தூக்கிப் பாத்தியா, மெல்வி?"

"பாத்தேன்."

"கனமா இருக்கா?"

"கனமாத்தான் இருக்கு."

"அப்ப வேண்டாம். நாளைக்குப் பாரு."

புருஷன் பெண்டாட்டி பேச்சு இவ்வளவுதான். ஒட்டுக்கேட்டவர்கள் நாங்கள் உருளைக்கிழங்கு வியாபாரம் செய்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

இந்த ஜூன் மாதம் அவன் கருவிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினான். "முடிஞ்சுது. இனிமே போகல," என்றான். நான் சரி என்றேன். இப்படி அவன் சொன்னது மூன்றாவது தடவை. முதல் தடவை கிறிஸ்துமஸ் முடிந்ததும் திரும்பிப் போனான். இரண்டாவது தடவை கூரை மாற்றப் பணம் வேண்டும் என்று ஒரு காரணம் கிடைத்தது. காரணத்துக்கு எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் இந்தத் தடவை எனக்கு அவன் நிஜமாகவே வேண்டும். எனக்கும் அறுபது நெருங்குகிறது. தனியாக உட்கார்ந்து சாப்பிட்டு அலுத்துவிட்டது. இதை அவனிடம் சொன்னேனா என்றால், இல்லை. எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்பு மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் வேகவைத்து மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சமையலறை ஜன்னலில் காகிதக் கோப்பைகளில் நாலு கன்றுகள் சாண் உயரத்துக்கு நின்றன. அவற்றைப் பெரிய பையில் மாற்ற வேண்டிய நேரம். ஹெட்லி முள்கரண்டியால் அவற்றைக் காட்டினான்.

"இப்பதான் நீ வீட்டோட இருக்கியே மாமா. இன்னும் என்ன மண்ணு? நார்த்தூள்ல போடு. அக்டோபர்ல காடு மாதிரி நிக்கும்."

"பாக்கலாம்," என்றான் லியாண்டர்.

"என்ன பாக்கலாம்? காலைல ஒரு தடவ ஊத்தணும், அவ்வளவுதான். உனக்கு வேற என்ன வேல இருக்கு? அக்கா ஊருக்கெல்லாம் தல முடி வெட்டறதப் பாத்துட்டு உக்காந்திருக்கப் போறியா?"

லியாண்டர் ரொட்டியால் தட்டைத் துடைத்தான். அப்போதுதான் எனக்குப் பட்டது. நார்த்தூள் தினமும் வீட்டில் இருக்கிறவனுக்கு. மண், பெட்டியைக் கட்டிக்கொண்டு போகிறவனுக்கு. இவன் எதை வாங்குகிறான் என்று பார்த்தால் போதும், வாயால் கேட்கவே வேண்டாம்.

"நார்த்தூள்லயே போடு," என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இந்த விவகாரத்தில் நான் அதுவரை வாயே திறந்ததில்லை.

"உனக்கு என்ன திடீர்னு?" என்றான் லியாண்டர்.

"ஆசையா இருக்கு."

"சரி. வியாழக்கிழம காண்டர் டவுனுக்குப் போறேன். வாங்கிட்டு வரேன்."

நான் முன்னறையில் முடி திருத்துகிறேன். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, தலை கழுவ ஒரு தொட்டி. வியாழக்கிழமை மத்தியானம் முடி சுருட்டிக்கொள்ள வந்த ஃப்ரோனி தலை நிறைய ரோலர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவன் வண்டி வந்து நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின்பக்கக் கதவைத் திறந்து தோளில் தூக்கினான். பெரிய மூட்டை. அதன்மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மண். போய் இன்னொன்றையும் தூக்கி வந்தான்.

"ஐயோ, மெதுவா, கண்ணு!" என்று நான் இழுத்த இழுப்பில் கத்தினாள் ஃப்ரோனி. "எனக்கு இருக்கறதே நாலு முடி."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பொலோனி இறைச்சி வறுத்திருந்தேன். அவன் பாதி சாப்பிடும் வரை பொறுத்திருந்தேன்.

"எப்ப ஃபிளைட்?"

முள்கரண்டி நின்றது. பொய் சொல்ல மாட்டான், அவனிடம் எனக்குப் பிடித்த குணம் அது ஒன்று.

"ஹெட்லி சொன்னானா?"

"மண்ணு சொல்லுச்சு."

அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "ஃபோர்மேன் கூப்பிட்டான். செப்டம்பர் நடுவுல ஷட்டவுன், எல்லாத்தையும் நிறுத்திட்டு ரிப்பேர் பாப்பாங்க. ஆள் பத்தலயாம். ஆறு வாரம்தான், மெல்வி. இந்த ஒரு தடவதான். நான் இன்னும் சரின்னு சொல்லல."

"இல்லன்னும் சொல்லல."

"இல்லன்னும் சொல்லல."

"டிக்கெட்?"

"அவங்களே போட்டுட்டாங்க. வேண்டாம்னா ரத்து பண்ணிக்கலாம்."

"அதான் மண்ணு வாங்கிட்டு வந்தியா?"

"உனக்காகத்தான். நார்த்தூள்னா நீ தினமும் ஊத்தணுமே. எதுக்கு உனக்குத் தொந்தரவு?"

இதுதான் என்னைச் சுட்டது. போகிறேன் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது. இரண்டு பேரில் இருக்கப் போவது யார், ஊற்றப் போவது யார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அன்போடுதான் சொன்னான். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். நான் சத்தம் போடாவிட்டால்தான் பயப்பட வேண்டும். வருஷத்தில் முக்கால்வாசி வெளியே இருந்தவனுக்கு அது எப்படித் தெரியும்?

மறுநாள் காலையில் அவன் குளிர்காலத்துக்கு விறகு வெட்டக் காட்டுக்குப் போனான். வண்டிச் சத்தம் மறைந்ததும் நான் ஹெட்லி வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"நார்த்தூள் இருந்தா கொடு. நாலு பைக்கு வேணும்."

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! என்னைத் தன் மதத்துக்கு மாற்றிவிட்ட மாதிரி ஒரு பூரிப்பு. நார்த்தூள் கட்டிகளையும், சுண்ணச்சத்துக் கரைசல் ஒரு புட்டியையும் தூக்கிக்கொண்டு என் கூடவே வந்தான். தலை கழுவுகிற தொட்டியில் கட்டியைப் போட்டு வெந்நீர் ஊற்றினோம். பழுப்பு நிறத்தில் ஊதிக்கொண்டு வந்தது. இரண்டு தடவை அலசிக் கரைசலில் ஊற வைக்கச் சொன்னான். இல்லாவிட்டால் நார் செடியிடமிருந்தே சுண்ணச்சத்தைப் பிடுங்கிக்கொள்ளுமாம். தொட்டியின் குழாய் அடைத்துக்கொண்டதும் அன்றுதான். அடைப்பை எடுக்கப் பிறகு ஆள் கூப்பிட வேண்டியிருந்தது.

"பெரிய பை இல்லயா அக்கா? இது ரொம்பச் சின்னது," என்றான், நான் எடுத்து வைத்த துணிப்பைகளைப் பார்த்து.

"சின்னதுதான் வேணும்."

"ஒரு நாள்கூடத் தாங்காது. காலைல ஊத்தினா மறுநாள் காலைல காஞ்சு கெடக்கும்."

"அதான் வேணும்கறேன்."

அவன் என் முகத்தையே பார்த்தான். மெல்ல அவனுக்குப் புரிந்தது. தொட்டி விளிம்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்ததும் குரல் மாறியது.

"மாமா போயிட்டான்னா?"

"போயிட்டா சாகட்டும்."

"செடியா, மாமாவா?"

"செடிதான். ஹெட்லி, நீ ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தினேன்னு தெரிஞ்சுது, அப்பறம் நீ என் தம்பியே இல்ல. நான் ஊர்ல இல்லாதப்ப அவன் போனானா இருக்கானான்னும் எனக்கு ஃபோன் பண்ணிச் சொல்லக் கூடாது."

சாயங்காலம் லியாண்டர் உடம்பெல்லாம் மரத்தூளோடு வந்தான். எங்கள் மகள் ட்ரூடியின் பழைய அறையில்தான் விளக்கும் விசிறியும் வைத்த செடிக்கான துணிக்கூடாரம் இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"என்ன இது?"

"நார்த்தூள்."

"நான்தான் மண்ணு வாங்கி வெச்சிருக்கேனே."

"முட்டைக்கோசுக்குப் போட்டுக்கோ."

அப்போதுதான் கூடத்தில் இருந்த என் பெட்டியைப் பார்த்தான்.

"நான் ட்ரூடி வீட்டுக்குப் போறேன்," என்றேன். "ஹாலிஃபாக்ஸ். நாளன்னிக்கு."

"எத்தன நாள்?"

"மூணு வாரம்."

அந்தக் கணக்கு அவனுக்குத் தெரிந்த கணக்கு. நின்றபடியே பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தவன், அவிழ்க்காமல் நிமிர்ந்தான்.

"நடுவுல என் ஃபிளைட் வருதே."

"தெரியும்."

"அப்ப செடிக்கு?"

"தினமும் காலைல உரத்தண்ணி ஊத்தணும். கீழ தட்டுல வடியற வரைக்கும் ஊத்தணும். ஹெட்லிகிட்ட கேட்டுக்கோ. சொல்லித் தருவான். ஊத்த மாட்டான்."

"இது மெரட்டல், மெல்வி."

"ஆமா."

"நாலு செடிக்காக நான் வேலைக்குப் போகாம இருக்கணுமா?"

"செடிக்காக வேண்டாம்," என்றேன். மிச்சத்தைச் சொல்ல நினைத்தேன். பெட்டியைத் திறந்து, ஏற்கெனவே மடித்திருந்த துணியை மறுபடியும் மடித்தேன்.

காண்டர் விமான நிலையத்தின் உள்கூடத்தில் நான் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. லியாண்டரையும் மற்றவர்களையும் ஒரு வேன் வந்து வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு போகும். நான் கையசைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். அன்று கூடம் முழுக்க மேற்கே போகிற ஆண்கள். காலில் பூட்ஸ், மடியில் பை, கையில் காப்பி. ஒருவரும் பேசவில்லை. இவர்கள் சிரித்துக்கொண்டும் கிண்டலடித்துக்கொண்டும் போவார்கள் என்று இருபது வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் இருந்த தாடிக்காரன், "எந்த சைட்டு, கண்ணு?" என்று கேட்டான். எங்கள் பக்கத்தில் யாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மகள் வீடு."

"சம்பளம் எப்படி?"

"சாப்பாடு மட்டும்தான்."

சிரித்தான். உடனே அவன் ஃபோன் அடித்தது. எடுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "அழாத, அம்மாகிட்ட குடு," என்று அடங்கிய குரலில் சொன்னான். பிறகு விமானம் ஏறும் வரை என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு லியாண்டர்மேல் இருந்த கோபம் கொஞ்சம் தளர்ந்தது. ரொம்ப இல்லை.

ட்ரூடி ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள், எல்லோரிடமும் வாயைத் திற என்று சொல்லிச் சொல்லி அதே குரல் வீட்டிலும் வந்துவிட்டது. முதல் வாரம் லியாண்டர் தினமும் கூப்பிட்டான். நான் குளிக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவம்மா குளிப்ப?"

"அப்பாகிட்ட சொல்லு, உங்க ஊர்த் தண்ணி நல்லா இருக்குன்னு."

"அப்பா பாவமா பேசறார். பேசும்மா. இப்படி அடம் பிடிச்சு என்ன கண்ட?"

பேசினால் அவன் கேட்பான், நான் இளகிவிடுவேன். ஆறு வாரம்தானே, போய்விட்டு வா என்று என் வாயே சொல்லிவிடும். என் வாயை எனக்குத் தெரியும். இரண்டாவது வாரம் கூப்பிடுவதை அவன் நிறுத்திவிட்டான். ட்ரூடியிடமும் அப்பாவைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன்.

அவன் டிக்கெட் போட்டிருந்த நாளில் ட்ரூடி வீட்டு ஜன்னல்களையெல்லாம் கழுவினேன். மூன்றாவது மாடி. கீழே போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வேன் வருகிற நேரம் வந்தது, போயிற்று. ஃபோனைக் கையில் எடுத்தேன், ரொட்டிப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அவன் போயிருந்தால் நான் என்ன செய்யப் போகிறேன்? யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் செய்யப் போவதில்லை. திரும்பிப் போய் அதே வீட்டில் பழையபடி இருப்பேன், அவன் வருகிற வாரம் சமைத்துப் போடுவேன். மிரட்டினேனே தவிர, மிரட்டலுக்குப் பின்னால் என் கையில் எதுவும் இல்லை. அது அவனுக்கும் தெரிந்திருக்குமோ என்றுதான் பயமாக இருந்தது.

திரும்பி வந்தபோது காண்டரில் ஹெட்லி வண்டியோடு நின்றான். பெட்டியை வாங்கிப் பின்னால் போட்டான். மழையைப் பற்றிப் பேசினான். யாரோ கடமான் அடித்ததைப் பற்றிப் பேசினான். பாதி வழி வரை பொறுத்தேன்.

"ஹெட்லி."

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல."

"நீதான வாயத் தொறக்காதன்னு சொன்ன? நான் சொன்ன சொல்லக் காப்பாத்தறவன்." திருட்டுப்பயல், சீட்டியடிக்க ஆரம்பித்துவிட்டான்.

வீட்டு முன்னால் லியாண்டரின் வண்டி நின்றது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மேற்கே போனாலும் அது அங்கேதான் நிற்கும். கதவு பூட்டியிருக்கவில்லை, எங்கள் ஊரில் யாரும் பூட்டுவதில்லை. சமையலறைக்குள் போனேன். மேஜை துடைத்திருந்தது. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. ஒவ்வொரு தடவையும் போகிற அன்றைக்குத்தான் அவன் சமையலறையைத் துடைத்து வைத்துவிட்டுப் போவான்.

ட்ரூடியின் அறைக்குப் போய்க் கூடாரத்தின் ஜிப்பை இழுத்தேன். கருகிய குச்சிகளைப் பார்க்கத் தயாராகத்தான் இழுத்தேன். நாலு செடியும் என் இடுப்பு உயரத்துக்கு நின்றன. ஓர் இலைகூட மஞ்சள் இல்லை. நார்த்தூளில் விரலை விட்டேன். ஈரம். தட்டில் தண்ணீர் வடிந்து நின்றது.

பெட்டியோடு பின்னால் வந்த ஹெட்லியை அப்படியே பிடித்தேன். "நீதான ஊத்தின? உன்ன என்ன சொன்னேன்?"

"என் மேல ஏன் பாயற? நான் தொடவே இல்ல."

"பொய் சொல்லாத!"

"சத்தியமா இல்லக்கா."

"அவன விடு, மெல்வி," என்று கூடாரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

ட்ரூடியின் பழைய கட்டில் சுவரோரம் கிடக்கிறது. அதில் லியாண்டர் எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தான். தலைமுடி ஒரு பக்கம் படிந்திருந்தது. கால் நீட்ட முடியாத சின்னக் கட்டில் அது. ஹெட்லி பெட்டியைக் கீழே வைத்தான், எங்கள் இருவரையும் பார்த்தான், வெளியே போய்விட்டான்.

"ஏன் இங்க படுத்திருக்க?" என்றேன். என்னென்னவோ கேட்க வேண்டியிருந்தது, இதுதான் வந்தது.

"நம்ம ரூம்ல தூக்கம் வரல. இங்க செடிக்கு விசிறி ஓடிட்டிருக்கு. ஏதோ ஒரு சத்தம் கேக்குது."

"வேன் வரலயா?"

"வந்துச்சு. ஹாரன் அடிச்சான். ஆள் வரலன்னு சொல்லி அனுப்பிட்டேன். ஃபோர்மேன்கிட்டயும் பேசிட்டேன். இனிமே கூப்பிடாதன்னு சொல்லிட்டேன்."

"செடிக்காகவா?"

"அப்படித்தான் மொதல்ல நெனச்சேன்." முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டான். "காலைல செடிக்கு ஊத்தறேன், ஒரு மணி நேரம் ஓடுது. அப்பறம்? பகல் எப்படியாவது போயிடுது. சாயங்காலம் ஆச்சுன்னா இந்த வீட்ல ஒண்ணுமே இல்ல, மெல்வி. சாப்பிட்டா நான் மெல்லற சத்தம் எனக்கே கேக்குது. கேம்ப்ல முந்நூறு பேரு. இப்படி ஒரு அமைதிய நான் கேட்டதே இல்ல. சமையலறையப் போய்த் தொடப்பேன், தொடச்சதையே திரும்பத் தொடப்பேன்."

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவன் என் பக்கம் திரும்பினான். கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க அவன் ஒன்றும் செய்யவில்லை.

"இருபது வருஷம் நீ எப்படி இங்க இருந்த?"

யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று எத்தனையோ நாள் காத்திருக்கிறேன். பதில் நீளமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"கோபத்தோட இருந்தேன்," என்றேன்.

அவன் தலையாட்டினான். விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"சரி," என்றான். "நான் எங்கயும் போகல. மெதுவாத் தீத்துக்கோ."